புல்லுக்கு அடியில் ஒரு பாதை

எங்கள் நகராட்சித் திட்டக் குழுவில் மரம் எண்ணுவது வாலஸுடைய வேலை. யாரும் ஒப்படைக்கவில்லை, அவராகவே இழுத்துப் போட்டுக்கொண்டது. இந்த ஊரில் யார் கட்டடத்தை நீட்டினாலும் ஈடாக இத்தனை பசுமைப் புள்ளி காட்ட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. பெரிய மரத்துக்கு முப்பது, சின்ன மரத்துக்குப் பதினைந்து, புதருக்கு மூன்று. தோட்ட வரைபடத்தைக் கையில் எடுத்துவிட்டால் வாலஸ் பென்சில் நுனியால் ஒவ்வொரு வட்டமாகத் தொட்டு எண்ணுவார். மற்ற நான்கு பேரும் அதுவரை சும்மா இருக்க வேண்டும். நான் குழுத் தலைவி. பதினோரு வருஷமாகச் சும்மா இருக்கிறேன்.

அந்த ஜூலை மாதக் கூட்டத்தில் ஒரே ஒரு மனுதான். ஏரிக்கரை முதியோர் இல்லம் இன்னும் பத்து அறை கட்டப் போகிறது. சாயங்காலம் ஐந்தரைக்கு ஆரம்பித்தோம். ஆறரைக்கு எல்லோரும் வீட்டில் இருப்போம் என்று நினைத்தேன்.

"பதினாலு காட்டு ஆப்பிள் மரம், ஏற்கெனவே நிக்குது," என்றார் வாலஸ். "பின்கட்டுக்குப் பின்னால வரிசையா. இருநூத்திப் பத்து புள்ளி. தேவை இருநூறு. ஆர்டிஸ், இவங்க ஒரு செடி கூடப் புதுசா வைக்க வேண்டாம். என் வாழ்நாள்ல இப்படி ஒரு மனு பார்த்ததில்ல."

"சந்தோஷப்படறியா, வருத்தப்படறியா?" என்றேன்.

"வருத்தம்தான். குறை சொல்ல ஒண்ணுமில்லையே."

எதிர் நாற்காலியில் இருந்த காலீன் சிரித்தாள். இல்லத்தை நடத்துபவள் அவள்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் வேறு ஊரிலிருந்து வந்தவள், நல்ல பெண். இல்லத்தில் யாராவது இறந்தால் குடும்பத்தார் பின்கட்டில் ஒரு காட்டு ஆப்பிள் நடலாம் என்ற வழக்கம் அவள் கொண்டுவந்தது. மே மாதத்தில் பதினான்கும் சேர்ந்து பூத்தால் ஏரிக்குப் போகிறவர்கள் காரை நிறுத்திப் பார்ப்பார்கள். அதில் ஒன்பதாவது மரம் என் கணவர் ஆர்விட்டுடையது.

தீயணைப்புத் தலைவர் ரோலி அப்போதுதான் வந்தான். இங்கே தீயணைப்பு வேலைக்குச் சம்பளமில்லை. பகலில் அவன் டயர் கடைக்காரன், கைகளில் எப்போதும் கறுப்பு. ஏழாம் வகுப்பில் அவனுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவள் நான். ஐம்பது வயதாகியும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். பழைய தலைவர் ஓய்வு பெற்று அரிசோனா போனபின் போன வருஷம்தான் பொறுப்புக்கு வந்திருந்தான். வழக்கமாகத் தலைவர் வந்து, ஆட்சேபம் இல்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போவார். தீயணைப்புக் குறிப்பு ஒரு தாளில் வரும், தோட்டம் இன்னொரு தாளில் வரும். இரண்டையும் வேறு வேறு ஆட்கள் பார்ப்பார்கள். நாங்கள் இரண்டுக்கும் தனித்தனியாகக் கை தூக்குவோம். எத்தனையோ வருஷமாக இப்படித்தான்.

"டீச்சர், ஒரு நிமிஷம்," என்றான் ரோலி. "ஸ்டேஷன் அலமாரியில பழைய தாள் ஒண்ணு கெடச்சது. எட்டு வருஷம் முன்னால அந்தப் பின்கட்டு கட்டினப்போ நீங்க பாஸ் பண்ணினது."

வாலஸ் கையிலிருந்த தோட்ட வரைபடத்தை வாங்கிக்கொண்டான். தன் தாளையும் அதையும் மேற்கு ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்தினான். வெயில் இரண்டையும் ஊடுருவியது. பழைய தாளில் இரண்டு கோடுகளுக்கு நடுவே, தீயணைப்புப் பாதை, இருபது அடி, என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே, வரிசை பிசகாமல், பதினான்கு வட்டங்கள் உட்கார்ந்திருந்தன.

நான் எழுந்து ஜன்னலுக்குப் போய் வட்டங்களை மறுபடியும் எண்ணினேன்.

"புரியலையே. அங்க பாதையே இல்லையே. புல்லுதானே இருக்கு," என்றாள் காலீன்.

"புல்லுக்கு அடியில இருக்கு," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

விவரம் தெரிந்தவள் நான்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே அறையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பாதையைப் புல்லுக்கு அடியில் ஒளித்தவளே நான்தான். பின்கட்டில் இருபத்திரண்டு அறை. எழுந்து நடக்க முடியாதவர்களுக்கென்றே கட்டியது. தீ பிடித்தால் வண்டி பின்பக்கம் போக இருபது அடித் தார்ப்பாதை வேண்டும் என்று பழைய தலைவர் கேட்டார். படுக்கையில் கிடக்கிறவர்கள் ஜன்னலைத் திறந்தால் தாரையா பார்க்க வேண்டும் என்று நான் சண்டை போட்டேன். அதற்கும் ஒரு வழி இருந்தது. தேன்கூடு மாதிரி துளையுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் தட்டுகளைப் பதித்து, அதற்குள் மண் நிரப்பிப் புல் வளர்ப்பது. பார்த்தால் புல்வெளி, மேலே இருபது டன் வண்டி போனாலும் தாங்கும். அளவு போட்டு வரைந்து கொடுத்தவளும் நான்தான். சரி, இரண்டு பக்கமும் சிவப்புக் கம்பமாவது நடுங்கள் என்றார் அந்த மனுஷன். முதியோர் இல்லமா பெட்ரோல் பங்கா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வரியை நானே பேனாவால் அடித்தேன். ஐந்துக்கு ஐந்து ஓட்டு.

பிறகு பழைய மேலாளர் போனார், காலீன் வந்தாள். புல் புல்லாகவே இருந்தது. வருஷா வருஷம் வரும் பரிசோதகர் உள்ளே அலாரத்தையும் கதவையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். காலீனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் ஒன்பதாவது மரத்தைத் தன் கையால் நட்டவள்.

நட்ட அன்று மண்வெட்டி எதிலோ இடித்தது இப்போது நினைவுக்கு வந்தது. கறுப்பாகப் பிளாஸ்டிக். எலி தோண்டாமல் இருக்க ஏதோ வலை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆர்விட் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இருந்தேன், அந்த வலை அகப்பட்டது. மண்வெட்டியை நிறுத்திவைத்துக் காலால் மிதித்து மிதித்து அதை வெட்டினேன். நான் கேட்டு, நான் வரைந்து, நான் கையெழுத்துப் போட்ட பாதை. எப்படி மறந்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சாக்கு எதுவும் என்னிடம் இல்லை.

"பாதைய ஏரிப் பக்கம் மாத்திக்கலாமே," என்றார் வாலஸ்.

"அது சதுப்பு நிலம். மாநில அரசுக்காரன் ஒரு மண்வெட்டி கூடப் போட விடமாட்டான்," என்றான் ரோலி. "வேற எடமில்ல. மரத்த எடுத்தாகணும்."

காலீன் முகம் வெளுத்துப் போயிருந்தது. "மரம் மட்டும் இல்லைங்க," என்றாள். "பதினாலுல ஒம்பது மரத்தடியில இறந்தவங்க சாம்பல் இருக்கு. குடும்பத்துக்காரங்க கேட்டாங்க. நான் சரின்னுட்டேன்."

வாலஸ் பென்சிலைக் கீழே வைத்தார். ரோலி என்னைத்தான் பார்த்தான். ஆர்விட் எங்கே இருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும். அன்று குழி தோண்டி முடித்தபின் மரத்தை வண்டியிலிருந்து இறக்கிக் கொடுத்தவனே அவன்தான்.

அப்போதே தீர்மானம் போட்டிருக்கலாம். நான் போடவில்லை. இடத்தை நேரில் பார்க்க வேண்டும், சனிக்கிழமை காலை, என்று சொல்லிக் கூட்டத்தை ஒத்திவைத்தேன். பயந்துவிட்டேன், அவ்வளவுதான். வேறு வழி ஏதாவது இருக்கும் என்று வீட்டுக்குப் போய் இரண்டு நாள் அந்தத் தாளையே முறைத்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை ரோலி வண்டியையே கொண்டுவந்துவிட்டான். முதல் மரத்துக்கு முன்னால் நிறுத்தினான். அதற்கு மேல் வழியில்லை. பின்னுக்கு எடுத்து முன்வாசலுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து இரண்டு பேரை விட்டு ஹோஸ் குழாயை இழுக்கச் சொன்னான். நூற்றைம்பது அடி, வண்டியில் இருக்கும் ஹோஸின் முழு நீளம். அவர்கள் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, மூலையைத் திருப்பி, ஜன்னல் ஜன்னலாகத் தாண்டி ஓடினார்கள். நானும் கூடவே ஓடினேன், அறுபத்தெட்டு வயதில். கடைசி நான்கு ஜன்னலை எட்டாமல் ஹோஸ் விறைத்து நின்றது. ஒருத்தன் முழு பலத்தோடு இழுத்தான். ஓர் அடி கூட வரவில்லை.

கடைசி அறையின் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே டெலோரஸ், பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் எங்கள் எல்லோருக்கும் சாப்பாடு போட்டவள். இடுப்புக்குக் கீழே இப்போது எதுவும் இயங்காது.

"ரோலி, என்னடா, என் ஜெரேனியப் பூச்செடிக்குத் தண்ணி ஊத்த வந்தியா?"

"ஆமா டெலோரஸ். எட்டல."

"ஹோஸ் குட்டையா வாங்கிட்டியா? நீ சின்ன வயசுலயே கஞ்சப்பய. ரெண்டாவது தடவை குக்கி கேக்கத் தெரியும், மத்தபடி ஒண்ணும் தெரியாது."

ஹோஸ் பிடித்திருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அறை எனக்குத் தெரியும். சுவரில் எந்த இடத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறது என்றுகூடத் தெரியும். டெலோரஸுக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர் ஆர்விட். பக்கவாதம் வந்து, வலது பக்கம் முழுதும் செத்து, பதினான்கு மாதம் அங்கேதான் கிடந்தார். அவர் வந்தபோதே ஜன்னலுக்கு வெளியே எட்டு மரம் நின்றன. ஒவ்வொரு நாளும் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு அழகாக இருக்கு பாருங்க என்று அவருக்குக் காட்டியிருக்கிறேன். அந்தப் பதினான்கு மாதமும் ஒரு சொட்டுத் தண்ணீர் எட்டாத இடத்தில் அவரைப் படுக்கவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"டீச்சர், உக்காருங்க," என்றான் ரோலி.

"முன்னாடியிருந்து எட்டாதுன்னு உனக்கு முதல்லயே தெரியுமா?"

"கணக்குப் போட்டேன். ஆனா உங்களுக்குக் கணக்கு போதாதுன்னு தோணிச்சு. நீங்கதானே சொல்லுவீங்க, சோதனை செஞ்சு பாக்காம எழுதாதேன்னு."

நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவனை ஓர் அறை விடலாம் போலிருந்தது.

அடுத்த கூட்டத்துக்கு அறை கொள்ளவில்லை. மரம் நட்ட குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. இங்கே மனுஷர்கள் கத்த மாட்டார்கள். தட்டில் எலுமிச்சை பார் என்ற கேக் துண்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியில் நேராக உட்கார்ந்து, மெல்லிய குரலில் உங்கள் தோலை உரிப்பார்கள். பால்பண்ணை வைத்திருக்கும் லேன்ஸ் எழுந்து நின்றான். அவனுடைய அம்மா நான்காவது மரத்தடியில் இருக்கிறாள்.

"எட்டு வருஷமா எந்தத் தீயும் பிடிக்கல. இனிமே வருமோ வராதோ, அந்த ஒண்ணுக்காக எங்கம்மா மேல லாரி ஓட்டுவீங்க, அதானே?"

"லாரி இல்ல, தீயணைப்பு வண்டி," என்றார் வாலஸ்.

"பெரிய வித்தியாசம். கீழ இருக்கற எங்கம்மாவுக்குத் தெரிஞ்சுடும்."

பின்வரிசையில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். லேன்ஸ் என் பக்கம் திரும்பினான். "ஆர்டிஸ், நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் பாதை அங்க இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு பலகை இருந்ததா? ஒரு கம்பம் இருந்ததா? குழி தோண்டறப்போ யாராவது வந்து தடுத்தீங்களா?"

வாலஸ் என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார். அன்று என்னோடு சேர்ந்து சிரித்தவர்களில் அவரும் ஒருவர். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, பழைய குறிப்பேட்டை யார் புரட்டப் போகிறார்கள். ஒரு கணம் அப்படித்தான் யோசித்தேன். அதையும் இங்கே மறைக்கவில்லை.

"கம்பம் இருந்திருக்கணும்," என்றேன். "தலைவர் கேட்டார். நான் வேண்டாம்னு அடிச்சேன். அசிங்கமா இருக்கும்னு சொன்னேன். அதனாலதான் உனக்குத் தெரியல, லேன்ஸ். காலீனுக்கும் தெரியல. தப்பு என்னுது."

லேன்ஸ் மெதுவாக உட்கார்ந்தான். கோபத்தோடு வந்தவனுக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

தலைவி தீர்மானம் கொண்டுவரக் கூடாது என்பதால் கூட்டம் நடத்தும் சுத்தியலை வாலஸிடம் தள்ளினேன். எழுந்து நின்று படித்தேன். பதினான்கு மரங்களும் பாதையிலிருந்து அகற்றப்பட்டு, உடைந்த தட்டுகள் மாற்றப்பட்டு, இரு பக்கமும் சிவப்புக் கம்பம் நடப்பட்டு, வண்டி ஓட்டிப் பார்க்கும்வரை, புதிய அறைகளுக்கு அனுமதி இல்லை. இனி இந்த ஊரில் தீயணைப்புத் தாளும் தோட்டத் தாளும் ஒரே தாளில்தான் வர வேண்டும்.

"எங்கிட்ட கேட்டா," என்றான் லேன்ஸ், குரல் இறங்கிப்போய், "கடைசியா உங்க மரத்த எடுக்கச் சொல்லுங்க. பாவம், ரெண்டு வருஷம்தான் ஆச்சு."

"முதல்ல அதைத்தான் எடுக்கணும்," என்றேன்.

ஐந்துக்கு ஐந்து. எலுமிச்சை பாரை யாரும் தொடவில்லை. இந்த ஊரில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

அக்டோபரில் இலை உதிர்ந்தபின் தோண்டினார்கள். வேரைச் சுற்றி மண்ணோடு உருண்டையாக எடுத்து, முன்பக்கச் சாலையோரம் நட்டார்கள். பதினொன்று பிழைக்கலாம் என்று சொன்னார்கள். சாம்பலில் எவ்வளவு வேரோடு போனது, எவ்வளவு அங்கேயே தங்கியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. காலீன் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கடிதம் எழுதினாள். எனக்கும் ஒன்று வந்தது. பிரிக்காமல் சமையலறை இழுப்பறையில் போட்டேன்.

குழிகளை மூடித் தட்டு பதித்து, மேலே புதுப் புல் விரித்தபின் ரோலி சோதனைக்கு நாள் குறித்தான். அன்று ஹோஸ் டெலோரஸின் ஜன்னலைத் தாண்டிப் போய் மீதியும் இருந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

சிவப்புக் கம்பங்களைப் பாதையின் இரண்டு முனையில்தான் நட்டிருந்தார்கள்; இடையில் புல்லுக்கு அடியில் தட்டின் விளிம்பு எங்கே முடிகிறது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. தட்டை விட்டு ஓர் அடி விலகினாலும் சக்கரம் சேற்றில் இறங்கிவிடும். அதனால் நடுவில் ஒருவர் முன்னால் நடந்து கையால் வழி காட்ட வேண்டும். வரைந்தவள் நான், அளவு தெரிந்தவளும் நான். என்னைவிட்டால் யார்? நான் வண்டியைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தேன், ரோலி மெதுவாக ஓட்டிவந்தான். புதுப் புல் வெளிர்ப் பச்சையில் பதினான்கு வட்டமாகத் தெரிந்தது. எட்டு வட்டத்தின் மேல் வண்டி வந்துவிட்டது. ஒன்பதாவதற்கு முன்னால் ரோலி நிறுத்தினான்.

கதவைத் திறந்து தலையை நீட்டினான். கண் சிவந்திருந்தது.

"டீச்சர், உள்ள போய் ஒரு காபி குடிங்க. அதுக்குள்ள நான் முடிச்சுடறேன். வாலஸ் வழி காட்டட்டும்."

"வாலஸுக்கு மரம்தான் எண்ணத் தெரியும். கதவைச் சாத்து."

"என்னால முடியல டீச்சர். நான்தானே அந்த மரத்த எறக்கினேன்."

"எனக்கும் முடியலடா. கீழ பாக்காத. என் கையைப் பாரு."

ஜன்னலில் டெலோரஸ் இருந்தாள். அன்று அவள் எதுவும் கேலி பேசவில்லை, கையை நெஞ்சில் வைத்திருந்தாள். ரோலி கதவைச் சாத்தினான். நான் அந்த வட்டத்தின் மேல் கால் வைத்துக் கடந்து, அந்தப் பக்கம் போய் நின்றேன். செருப்புக்கு அடியில் புல் மெத்தென்று இருந்தது. இரண்டு கைகளையும் தூக்கி, நேராக வா, இன்னும் வா என்று அசைத்து, என் கணவர் மேல் அந்த வண்டியை வரவழைத்தேன்.